பள்ளித் தோட்டத்தில் கைகொடுக்க விரும்புவோருக்கு

பள்ளித் தோட்டத்தைச் சீரமைக்கத் தன்னார்வலர் தேவை என்ற அறிவிப்பைக் கண்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றும். ஒரு விடுமுறை நாளில் முப்பது பேர் கூடி, மாலைக்குள் புதர்களையெல்லாம் வெட்டி, வளாகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் போவதும், இரண்டு மாதங்களுக்குள் அதே இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் களை மண்டி நிற்பதும் பல பள்ளிகளில் மாறிமாறி நடப்பவைதான். மண்ணைக் கிளறி வெற்றாக விடும்போது, உள்ளே உறங்கிக் கிடந்த களை விதைகள் வெளிச்சம் பட்டு முளைத்துவிடுவதே இதற்குக் காரணம். ஆண்டுக்கு ஒரு முறை வந்து முழு நாள் உழைக்கும் முப்பது பேரைவிட, வாரந்தோறும் ஒரே கிழமையில் இரண்டு மணி நேரம் தவறாமல் வந்துபோகும் மூன்று பேரால்தான் பள்ளித் தோட்டம் பிழைக்கும். அப்படி வர எண்ணுகிறவர்களுக்காக, அதிலும் தோட்ட வேலையில் முன் அனுபவம் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பள்ளியோடு பேசிக்கொள்ள வேண்டியவை

முதலில் தலைமையாசிரியரையோ அவர் கைகாட்டும் ஆசிரியரையோ சந்தித்து, தோட்டத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பகுதி உங்கள் கைக்கு வருகிறது, எந்த நேரத்தில் வரலாம், தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, கருவி அறையின் சாவி யாரிடம் இருக்கும், வெட்டிய கழிவை எங்கே சேர்ப்பது, எந்த மரத்தை அல்லது செடியைத் தொடவே கூடாது என்ற கேள்விகளுக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டால் பின்னால் வரும் மனவருத்தங்களில் பாதி குறையும். ஒரு மாணவரின் நினைவாக நட்ட செடியோ ஓய்வுபெற்ற ஆசிரியர் வைத்த மரமோ பார்வைக்கு வாடிய குச்சியாகத் தெரியலாம். அதை வெட்டிய பிறகு வருந்திப் பயனில்லை.

குழந்தைகள் இருக்கும் இடம் என்பதால் பள்ளி உங்களைப் பற்றி விசாரிக்கும். அடையாளச் சான்று கேட்கும். சில இடங்களில் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், கேட்காவிட்டாலும் தாமாகவே கொடுக்க வேண்டிய ஒன்றாகக் கருதுவதே சரி. வரும்போதும் போகும்போதும் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். எந்த மாணவரோடும் பிறர் கண்ணில் படாத இடத்தில் தனித்து இருக்காதீர்கள். வேலை செய்யும் மாணவர்களைப் பள்ளியின் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். மண்ணிலும் துருப்பிடித்த கம்பியிலும் கை வைக்கப்போகிறவர்கள் தங்களுடைய டெட்டனஸ் தடுப்பூசிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊக்க ஊசி போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள்.

முதல் வருகையில் எதையும் பிடுங்க வேண்டாம்

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான் தன்னார்வலராகச் சென்ற முதல் நாள், சுவரோரமாக இருந்த ஒரு பாத்தியில் பொடிப்பொடியாக நெருக்கமாக முளைத்திருந்தவற்றைக் குப்பைக்கீரைக் களை என்று எண்ணி, அரை மணி நேரத்தில் ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்துவிட்டேன். சுத்தமாகச் செய்துவிட்ட நிறைவோடு கை கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டு சிறுமிகள் ஒரு குவளைத் தண்ணீரோடு அங்கே வந்து நின்றார்கள். “நாங்க போட்ட கீரையைக் காணோம்” என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த தண்டுக்கீரை அது. அடுத்த வாரம் விதை வாங்கிச் சென்று, அவர்களோடு உட்கார்ந்து மறுபடி தூவினோம். ஆனாலும் அந்த வெற்றுப் பாத்தியை அவர்கள் பார்த்த பார்வை இன்றும் எனக்கு மறக்கவில்லை.

எனவே முதல் வருகையில் ஒரு தாளும் எழுதுகோலும் போதும். தோட்டத்தைச் சுற்றி நடந்து, பாத்திகள், மரங்கள், குழாய், நிழல் விழும் இடம், தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகியவற்றைத் தோராயமான வரைபடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாத்தியை எந்த வகுப்பு வைத்திருக்கிறது, அதில் என்ன விதைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதி, ஒவ்வொரு பாத்தியின் தலைப்பிலும் பெயர்ப்பலகை ஒன்றை ஊன்றிவிடுங்கள். பழைய ஓட்டுத் துண்டில் பெயின்டால் எழுதினால்கூடப் போதும். விதைத்த வரிசையின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சி நட்டு நூல் கட்டச் சொன்னால், அந்தக் கோட்டுக்கு வெளியே முளைப்பவைதான் களை என்பது யாருக்கும் தெரிந்துவிடும்.

அதே நாளில் ஆபத்தான செடிகளையும் தேடிப் பாருங்கள். அழகுக்காக வைக்கப்படும் அரளியில் இலை, பூ, தண்டு, வேர் என எல்லாப் பகுதியும் நஞ்சு; அதன் குச்சிகளை எரிக்கும் புகையும் தீங்கு செய்யும். வேலியோரம் தானாக முளைக்கும் ஊமத்தை, ஆமணக்கு விதை, சிவப்பும் கறுப்புமாகப் பார்க்கவே கையில் எடுக்கத் தூண்டும் குன்றிமணி, கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் எருக்கம்பால், உண்ணிச்செடியின் பச்சைக் காய்கள் ஆகியவை சிறு குழந்தைகள் நடமாடும் இடத்தில் இருக்கக் கூடாதவை. இவற்றைக் கண்டால் பொறுப்பாசிரியரிடம் சொல்லி, மாணவர்கள் இல்லாத நேரத்தில், கையுறை அணிந்து, வேரோடு அகற்றுங்கள். குளவிக்கூடு கண்டால் மட்டும் தாமாக எதுவும் செய்ய முற்படாமல், பழக்கமுள்ளவர்களை அழைக்கும்படி பள்ளியிடம் சொல்லிவிடுங்கள்.

கருவிகள்

தொடக்கத்துக்கு மண்வெட்டி ஒன்று, களைக்கொத்து நான்கைந்து, பூவாளி இரண்டு, செடி வெட்டும் கத்தரி ஒன்று, குப்பை வாரி ஒன்று, கூடைகள், கெட்டியான கையுறைகள் ஆகியவை போதும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கருவியைக் கொடுக்காமல், கைப்பிடி குட்டையான, எடை குறைந்த களைக்கொத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் எண் எழுதி, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணிச் சரிபார்க்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். புல்லுக்குள் மறந்து கிடக்கும் கத்தரியை மறுநாள் இடைவேளையில் ஒரு குழந்தைதான் முதலில் கண்டெடுக்கும். குப்பை வாரியை ஒருபோதும் பற்கள் மேல்நோக்கி இருக்கத் தரையில் போடக் கூடாது.

களையெடுப்பு

தோட்டப் பராமரிப்பில் பாதிக்கு மேல் களையெடுப்புதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். களைகளில் இரண்டு வகை உண்டு. விதையால் பெருகி ஒரு பருவத்தில் வாழ்ந்து முடிபவை ஒரு வகை. மண்ணுக்கடியில் கிழங்காகவோ ஓடும் தண்டாகவோ உயிரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் புதியவர்களின் உழைப்பு வீணாகிறது.

முதல் வகைக்கு விதி எளிது: பூக்கும் முன் எடுத்துவிட வேண்டும். சிறு களைகளை வெயில் அடிக்கும் காலையில் களைக்கொத்தால் மேலோட்டமாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் செதுக்கிப் போட்டால், மாலைக்குள் அவை அங்கேயே வாடிக் காய்ந்துவிடும். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் புதிய விதைகளை மேலே கொண்டுவந்து விடுவோம். வளர்ந்துவிட்டவற்றை மழை பெய்த மறுநாளோ நீர் பாய்ச்சிய மறுநாளோ, மண் நெகிழ்ந்திருக்கும்போது, தண்டின் அடியைப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். பார்த்தீனியம் மட்டும் விதிவிலக்கான கவனத்தைக் கேட்கிறது. அதைத் தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பும், அதன் மகரந்தத்தால் மூச்சுத் தொல்லையும் வருவதால், குழந்தைகளை அதன் பக்கம் விடாமல், கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்த பெரியவர்களே பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும்.

இரண்டாம் வகைக்குக் கோரையே நல்ல எடுத்துக்காட்டு. புல் போலத் தெரிந்தாலும், அதன் பூந்தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் உருளாமல் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். அதை வைத்து இனம் கண்டுகொள்ளலாம். அதன் இலைக்கொத்தைப் பிடித்து இழுத்தால், பட்டென்று வெள்ளையான அடித்தண்டு மட்டும் அறுந்து கையோடு வரும். வேரோடு வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு சாண் ஆழத்தில் மெல்லிய கம்பி போன்ற வேர்த்தண்டில் மணி கோத்தாற்போல் கறுத்த சிறு கிழங்குகள் வரிசையாகக் கிடக்கும். மண்வெட்டியால் கண்டபடி வெட்டினால் அந்தக் கோவை துண்டு துண்டாகி, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும். பிளாஸ்டிக் விரிப்பைக்கூடக் கோரையின் கூர்முனை துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். சிறிய பாத்தியாக இருந்தால் ஈர மண்ணைக் கைக்கருவியால் நெகிழ்த்திக் கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடலாம். பெரிய பரப்பாக இருந்தால், தளிர் தலைகாட்டும்போதெல்லாம் வாராவாரம் நீக்கிக்கொண்டே இருப்பதுதான் வழி. தளிர் வெளிவந்த சில வாரங்களிலேயே புதிய கிழங்கு உருவாகத் தொடங்குகிறது; அதற்கு இடங்கொடாமல் நீக்கிக்கொண்டே வந்தால் பழைய கிழங்கில் சேமித்து வைத்த சத்து தீர்ந்து, நாளடைவில் கோரை ஓய்ந்துவிடும். தொடக்கத்தில் கிழமை தவறாமல் வரும் மூவரைப் பற்றிச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அருகம்புல்லுக்கும் இதே பொறுமை தேவை. அதன் ஓடும் தண்டின் ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மீண்டும் தழைத்துவிடும்.

களைக்கொல்லி மருந்து எதையும் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள். ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடும் என்று யார் சொன்னாலும், குழந்தைகள் கையால் தொட்டு, மண்ணில் உட்கார்ந்து, பறித்ததைக் கழுவாமல் வாயில் போடும் இடம் அது.

மூடாக்கும் மட்கும்

களையெடுத்த பாத்தியை வெறுமையாக விடாமல் அன்றே மூடிவிட வேண்டும். சருகு, காய்ந்த புல், நறுக்கிய குச்சி என எது கிடைத்தாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் புகுந்து களை முளைக்கும். செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் இடைவெளி விட வேண்டும். ஈரமான சருகு தண்டோடு ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். எவ்வளவு சருகு வேண்டும் என்பதை மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லலாம்: 90 சென்டிமீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பாத்தியின் பரப்பு 2.7 சதுர மீட்டர். அதன்மீது 5 சென்டிமீட்டர் கனம் என்றால் 135 லிட்டர். அதாவது பதினைந்து லிட்டர் வாளியால் ஒன்பது வாளி. புதிதாகப் பாத்தி அமைப்பதானாலும் இந்த அகலத்தைத் தாண்டாதீர்கள். குழந்தைகளின் கை ஏறத்தாழ அரை மீட்டர்தான் எட்டும் என்பதால், அகலம் கூடினால் நடுவிலுள்ள செடியைத் தொட அவர்கள் பாத்திக்குள் கால் வைப்பார்கள். மிதிபட்ட மண் இறுகி, நீரும் காற்றும் உள்ளே இறங்காமல் போகும்.

உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் எங்காவது இருந்தால், அதை மாற்றுவதே உங்கள் முதல் பெரிய பங்களிப்பாக இருக்கட்டும். வகுப்பறைகளிலிருந்து சற்றுத் தள்ளி, நிழலான ஓரிடத்தில், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டர் இருக்கும்படி மரக்கட்டையாலோ கம்பி வலையாலோ ஒரு தொட்டி அமையுங்கள். மூன்று கூடை காய்ந்த சருகுக்கு ஒரு கூடை பச்சைத்தழை என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தெளித்து வாருங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. குவியல் சரியாக அமைந்தால் சில நாட்களிலேயே உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். பக்கவாட்டில் ஒரு குச்சியைச் செருகி, சிறிது நேரம் கழித்து எடுத்து அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் மாணவர்கள் அந்தச் சூட்டை உணர்ந்து வியப்பதைக் காணலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளறிவிட்டால் மூன்று முதல் ஆறு மாதங்களில் மட்கு தயாராகும். கெட்ட வாடை வந்தால் பச்சையும் ஈரமும் மிகுந்துவிட்டன என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறினால் சரியாகிவிடும். சமைத்த உணவு, இறைச்சி, கோரைக் கிழங்கு, விதை பிடித்த களை, அரளித் தழை ஆகியவற்றை அதில் போட வேண்டாம். பழைய குவியலைக் கிளறும் முன் நீண்ட கோலால் தட்டி, சற்றுப் பொறுத்துப் பிறகு கை வையுங்கள். குளிர்ச்சிக்காகப் பாம்பும் தேளும் அங்கே தங்கியிருக்கலாம்.

நீர்

நாளும் கொஞ்சம் மேலாகத் தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒரு முறை ஆழமாக நனைப்பது நல்லது. நீர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு ஆழம் வேரும் போகும். நாற்றுகளுக்கும் புதிதாக விதைத்த பாத்திக்கும் மட்டும் மேல்மண் காயாமல் நாள்தோறும் நீர் தேவை. ஐயம் வந்தால் விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் செருகிப் பாருங்கள். நுனியில் ஈரம் பட்டால் அன்று நீர் வேண்டியதில்லை. சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன பாத்திக்கு ஒன்பது லிட்டர் பூவாளியால் மூன்று முறை ஊற்ற வேண்டும். காலையில், இலையின் மேல் அல்லாமல் அடிமண்ணில் ஊற்றுவதே சிறந்தது. இரவு முழுவதும் நனைந்திருக்கும் இலையில் பூஞ்சை நோய் எளிதில் பற்றும்.

பூந்தொட்டியின் அடித்தட்டு, கவிழ்க்காத வாளி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரை ஒவ்வொரு வருகையிலும் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். வாரம் ஒரு முறை கொட்டினால் அந்தச் சுழற்சி அறுபடும்.

கத்தரித்தல்

காய்ந்த கிளை, நோய்பிடித்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை மட்டுமே முதலில் வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, கூர்மையான கத்தரியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். நோயுற்ற செடியை வெட்டிய கத்தரியை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். ஏணி தேவைப்படும் உயரத்தில் உள்ள எந்தக் கிளையும் தன்னார்வலரின் வேலையன்று. மின்கம்பிக்கு அருகில் உள்ளவை நிச்சயமாக அன்று. பறவைக்கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

பூச்சியைக் கண்டவுடன் மருந்து தேட வேண்டாம். இளந்தளிரில் அசுவினி அப்பியிருந்தால் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதே தளிரில் பொறிவண்டு தென்பட்டால் அதுவும் வேண்டாம். அசுவினிதான் அதன் இரை.

மாணவர்களோடு வேலை செய்யும்போது

நாம் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் வேலையை நான்கு குழந்தைகள் சேர்ந்து அரை மணி நேரம் செய்வார்கள்; வரிசை கோணலாக இருக்கும்; பாதி விதை ஒரே குழியில் விழும். கையிலிருந்து வாங்கிச் செய்துவிடத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கிக்கொள்வதுதான் இந்தப் பணியில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஒரு பெரியவருக்கு ஐந்தாறு மாணவர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் இன்ன இடம், இன்ன வேலை என்று பிரித்துக் கொடுங்கள். ‘களை எடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், எடுக்க வேண்டிய களையில் ஒன்றையும் விட்டுவைக்க வேண்டிய செடியில் ஒன்றையும் கையில் கொடுத்து, இலையின் விளிம்பையும் தண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால், பாதையை ஒரு மீட்டராவது அகலமாக்கி, அவர் கை எட்டும் உயரத்தில் ஒரு மேடைப் பாத்தியை அமைத்துத் தரும்படி பள்ளியிடம் வற்புறுத்திக் கேளுங்கள். வேலை முடிந்ததும் அனைவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே வகுப்புக்குச் செல்ல வேண்டும்.

கருவி அறையின் கதவில் ஒரு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, வந்தவர், செய்த வேலை, அடுத்து வருபவர் கவனிக்க வேண்டியது என்று நான்கு வரி எழுதினால் போதும். ‘மூன்றாம் பாத்தியில் வெண்டை விதைத்திருக்கிறது, கொத்த வேண்டாம்’ என்ற ஒரு வரி, எனக்கு நேர்ந்தது போன்ற தவறு இன்னொருவருக்கு நேராமல் காக்கும்.

நீண்ட விடுமுறை

பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் சாவது விடுமுறையில்தான். விடுமுறை தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே பொறுப்பாசிரியரோடு உட்கார்ந்து, எந்தப் பாத்தியில் என்ன அறுவடையாகிவிடும், எது நிற்கும் என்று பாருங்கள். குறுகிய காலப் பயிர்களை அதற்குள் முடித்துவிட்டு, காலியான பாத்திகளை 8 சென்டிமீட்டர் மூடாக்கால் மூடிவிடுங்கள். நிற்கும் செடிகளுக்கு, மெருகிடாத மண்பானைகளைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைக்கலாம். பானையின் நுண்துளைகள் வழியே வேர் இழுக்கும் அளவுக்கு நீர் கசியும். எத்தனை நாளில் பானை வற்றுகிறது என்பது மண்ணுக்கு மண் வேறுபடுவதால், விடுமுறைக்கு முன்பே இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, அதற்கேற்ப யார் எந்த நாளில் வந்து நிரப்புவது என்ற முறைப்பட்டியலை எழுதுங்கள். பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மாற்று ஆளின் பெயரும் இருக்க வேண்டும். விடுமுறையில் வளாகக் கதவைத் திறந்துவிடப் போகிறவர் யார் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். பட்டியல் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், பூட்டிய கதவுக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு நின்று திரும்பியவர்கள் பலர்.

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு இரண்டு முறை வந்து பாதைகளைச் சுத்தம் செய்து, தேங்கிய நீரைக் கொட்டி, மட்கைக் கிளறி, கருவிகளுக்கு எண்ணெய் பூசி வையுங்கள். பாத்திகளின் உள்ளே முளைத்திருக்கும் களைகளில் முள்ளும் நஞ்சும் உள்ளவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றை மாணவர்கள் வந்த பிறகு அவர்களோடு சேர்ந்தே எடுங்கள். விடுமுறையில் தானாக முளைத்த தக்காளியோ பூசணியோ அவற்றுக்கு நடுவே கிடக்கும்; அதை அவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.